தருமபுரியில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் ஆட்டப் பருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாண்டில் சேரும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இக்கல்லூரி அணியில் மூன்றாண்டுகள் பின்களத்தில் ஆடிவிட்டு, இப்போது உடற்கல்வி இயக்குநருக்கு அணி வேலைகளில் கைகொடுத்து வருபவன் என்ற முறையில் அவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ‘பருவம்’ என்ற சொல் நம் கல்லூரிகளில் தேர்வையும் குறிக்கும், ஆட்டக் காலத்தையும் குறிக்கும் என்பதால், குழப்பம் வராமலிருக்கத் தேர்வுப் பருவத்தைச் செமஸ்டர் என்றே எழுதுகிறேன்.

ஆட்டப் பருவம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

கல்லூரி திறந்த இரண்டாம் வாரத்தில் வீரர் தேர்வு நடக்கும். அன்று தொடங்கும் காலைப் பயிற்சி, பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி முடியும்வரை நீடிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள், 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால், நாம் களத்தில் சந்திப்பதும் அந்த நான்கு மாவட்டக் கல்லூரிகளைத்தான். போட்டி பெரும்பாலும் முதல் செமஸ்டருக்குள்ளேயே வந்துவிடும். இதைத் தவிர, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது; அதற்கு முதலில் மாவட்ட அளவில் ஆட வேண்டும்.

கேட்பதற்கு நீண்ட பருவமாகத் தோன்றும். உண்மையில் நாக்அவுட் முறையில் ஒரு நாள் தோற்றால் அந்த ஆண்டுக்குரிய முதன்மைப் போட்டி அன்றோடு முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு முதல் சுற்றிலேயே வெளியேறியதாகச் சொல்கிறார்களே, என்ன நடந்தது?

சொல்வது உண்மைதான். நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்த ஆண்டு நாங்கள் செய்திருக்கும் மாற்றங்கள் எல்லாமே அந்த ஒரு நாளிலிருந்து வந்தவை.

ஆட்டம் சேலத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் காலை ஒன்பது மணிக்கு. தருமபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டு ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் ஒரு சரக்கு லாரி குறுக்கே நின்றுவிட்டதால் வண்டிகள் வரிசையாகத் தேங்கி நின்றன. அந்தச் சாலையில் அடிக்கடி போய்வருபவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. மைதானத்தை அடைந்தபோது ஆட்டத்துக்கு இருபது நிமிடங்களே இருந்தன. உடலைச் சூடேற்றிக்கொள்ள நேரமில்லாமல் ஜெர்சியை மாட்டிக்கொண்டு நின்றபோது, எங்கள் முன்கள வீரர் ஒருவரின் தகுதிப் படிவத்தில் கல்லூரி முதல்வரின் கையொப்பம் இருக்கிறது, முத்திரை இல்லை என்று போட்டி மேசையில் அமர்ந்திருந்தவர் எடுத்துச் சொன்னார். விதிப்படி அவர் சொன்னது சரி. அணியிலேயே வேகமாக ஓடக்கூடிய அந்த மாணவர் தொண்ணூறு நிமிடமும் கோட்டுக்கு வெளியே தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் கோலின்றி முடிந்து பெனால்டி உதைகளுக்குச் சென்றது. மூன்று மாதம் காலையில் எழுந்து ஓடிய நாங்கள், பெனால்டி உதைப்பதை ஒரு நாள்கூட ஒழுங்காகப் பழகியிருக்கவில்லை. கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர், உதைக்கும் புள்ளி 11 மீட்டர் தூரம் என்று தாளில் படிக்கும்போது, தவறவிட முடியாத அளவுக்கு அகலமான வாசலாகத்தான் அது தெரியும். முதல் நான்கு பேர் கோல் அடித்தார்கள். ஐந்தாவதாகப் போனவர் நடுவட்டத்திலிருந்து புள்ளிவரை நடந்து போவதற்குள் பந்தை எந்தப் பக்கம் அடிப்பது என்று மூன்று முறை மனத்தை மாற்றிக்கொண்டதாகப் பின்னால் சொன்னார். பந்து கோல்கீப்பரின் நெஞ்சுக்கே போயிற்று. எதிரணி ஐந்தையும் கோலாக்கியது. பேருந்தில் திரும்பும்போது யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. காரணம், வழியில் சரிபார்த்திருக்க வேண்டிய முத்திரை எல்லோர் நினைவிலும் இருந்தது.

இந்த ஆண்டு என்ன மாற்றம்?

சென்ற பருவத்தில் போட்டிக்கு முன் நாங்கள் வேறு அணியோடு ஆடிய பயிற்சி ஆட்டங்கள் இரண்டே இரண்டு. மற்ற நாள்களெல்லாம் நமக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினோம். ஒரே ஆளின் ஓட்டத்தை மூன்று மாதம் பார்த்துப் பழகியவனுக்கு அயல் கல்லூரிக்காரன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியாது. ஆகவே இந்த ஆண்டு சனிக்கிழமை மாலைகளில் அருகிலுள்ள கல்லூரிகளோடு ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று ஆட ஏற்பாடு செய்திருக்கிறோம். கோப்பை கிடையாது, பரிசுத் தொகை கிடையாது. என்னைக் கேட்டால், நம் போன்ற மாவட்டக் கல்லூரிகள் பருவம் என்று ஒன்றைத் தாங்களே அமைத்துக்கொள்ளாவிட்டால், அவற்றுக்குப் பருவம் என்று ஒன்று இல்லை. ஒரு தேதிதான் இருக்கும்.

ஒவ்வொரு சனிக்கிழமை ஆட்டமும், முடிவு எதுவாக இருந்தாலும், இரு அணிகளும் ஐந்தைந்து பெனால்டி உதைத்த பிறகே முடியும். எந்தப் பக்கம் அடிப்பது என்பதை நடுவட்டத்திலேயே முடிவு செய்துகொண்டு புறப்பட வேண்டும் என்பது உதைப்பவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் ஒரே கட்டளை. பயணத்திலும் ஒரு மாற்றம் உண்டு: சேலத்தில் காலை ஆட்டம் என்றால் ஐந்து மணிக்கே புறப்படுகிறோம்.

பள்ளியில் கால்பந்து ஆடாதவர்கள் சேரலாமா?

சேரலாம். இந்த மாவட்டத்து ஊர்ப்புற மாணவர்களில் பலர் கபடியும் கைப்பந்தும் ஆடி வளர்ந்தவர்கள். கபடி ஆடியவருக்கு உடலைச் சட்டென்று திருப்பும் பழக்கமும், இடிபட்டால் அஞ்சாத மனமும் ஏற்கெனவே இருப்பதால் அவர் பின்களத்தில் விரைவில் தேறிவிடுகிறார். கைப்பந்து ஆடியவர்களில் உயரமானவர்களை நாங்கள் கோல்கீப்பராக்கிப் பார்க்கிறோம். பந்து வரும் உயரத்தைக் கணிக்கும் கண் அவர்களுக்கு இருக்கிறது. பந்தை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடும் பழக்கம் மட்டும் எல்லோருக்கும் மெல்லத்தான் வரும். முதல் மாதம் பயிற்சியின் பாதி நேரம் அதற்கே போகிறது.

ஆடுவதற்குரிய தகுதி என்ன? என்னென்ன சான்றுகள் தேவை?

முழுநேர மாணவராக இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அந்தக் கல்வியாண்டின் ஜூலை 1 அன்று 17 வயதுக்குக் குறையாமலும் 25 வயதைக் கடக்காமலும் இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல், புகைப்படங்கள் ஆகியவற்றைத் தேர்வு நாளிலேயே கொண்டுவந்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் இரண்டு தலைப்பெழுத்து என்று பெயர் மாறியிருந்தால் இப்போதே சொல்லுங்கள்; போட்டிக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்குச் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கையொப்பம், முத்திரை இரண்டும் இருக்கின்றனவா என்று தகுதிப் படிவத்தை இந்த ஆண்டிலிருந்து மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கிறோம்.

பொறியியல் கல்லூரி மாணவர்கள் உங்களோடு ஆட முடியுமா?

சனிக்கிழமை ஆட்டங்களில் எதிரணியாக ஆடலாம். பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் உள்ள அரசு பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் போட்டி வரிசையே வேறு.

வகுப்புகளும் வருகைப் பதிவும் கெடாதா?

பெற்றோர் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இதுதான். பயிற்சி காலை ஆறு மணி முதல் ஏழரை வரை, வகுப்பு நேரத்துக்கு வெளியே நடக்கிறது. போட்டி நாள்களுக்கு ‘ஆன் டியூட்டி’, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கிடும் அனுமதி, கிடைக்கும். ஆனால் அது தானாக வந்து சேராது. உடற்கல்வி இயக்குநரின் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் போட்டிக்கு முன்பே கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும். தேர்வெழுதத் தேவையான 75 விழுக்காடு வருகையைக் கால்பந்தினால் இழந்தவரை நான் பார்த்ததில்லை. கால்பந்தைக் காரணம் காட்டி மைதானத்துக்கும் வராமல், வகுப்புக்கும் போகாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐயம் இருக்கும் பெற்றோர் காலையில் ஒரு நாள் நேரில் வந்து வருகைக் குறிப்பேட்டைப் பார்க்கலாம்.

என் வீடு அரூர்ப் பக்கம். ஆறு மணிக்கு எப்படி வருவது?

அரூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வரவேண்டியவருக்கும், பென்னாகரம் தாண்டி மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்து வருபவருக்கும் ஆறு மணி என்பது நடவாத காரியம் என்பது எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் மாலையில், கடைசிப் பேருந்தைத் தவறவிடாத நேரத்துக்குள் பயிற்சி செய்துவிட்டுப் போகலாம். விடுதியில் இருப்பவர்களில் இரண்டு பேர் அவர்களோடு கூட நிற்பார்கள். ஊரில் இருக்கும் நாள்களில் தனியாக ஓடிக்கொள்ள ஒரு அட்டவணையும் தருகிறோம். ஏரிக்கரை மேல் ஓடினாலும் அது ஓட்டந்தான்.

மைதானம் எப்படி இருக்கும்? என்ன ஷூ வாங்குவது?

வயதுவந்தோர் ஆடும் களம் நீளத்தில் 90 முதல் 120 மீட்டருக்குள்ளும், அகலத்தில் 45 முதல் 90 மீட்டருக்குள்ளும் இருக்கலாம் என்று விதி தாராளமாக இடம் கொடுக்கிறது. நம் களம் அந்த அளவின் கீழ்ப்பக்கத்தில் நிற்கிறது. மண் செம்மண், கோடையில் ஓடு போல இறுகிப்போய்ச் சரளைக்கற்கள் மேலே தெரியும். மழை பெய்தால் ஷூவின் அடியில் அரைக் கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும். நடுவில் கிரிக்கெட்டுக்காகப் போட்ட சிமென்ட் பட்டை ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின்போது அதன்மேல் மண் பரப்பிவிடுவோம். இருந்தாலும் அதில் விழும் பந்து மற்ற இடத்தைவிட உயரமாக எழும் என்பதை வெளியூர் அணிகள் முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகின்றன.

இந்த மண்ணுக்கு நீண்ட உலோக ஸ்டட்கள் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள்) உள்ள ஷூ வேண்டாம். புல் தரைக்கென்று செய்த அவை இங்கே மண்ணில் இறங்காமல் குதிகாலை நோகவைக்கும். குட்டையான ரப்பர் ஸ்டட்கள் நெருக்கமாக உள்ள ஷூ போதும். ஷின் பேட் (முழங்காலுக்குக் கீழே முன்புறம் அணியும் காப்பு) கட்டாயம். அது இல்லாமல் நடுவர் களத்தில் விடமாட்டார். பந்து 5ஆம் எண். 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவும், 410 முதல் 450 கிராம் எடையும் உள்ளது. செம்மண்ணில் மேல்தோல் உரிந்துபோன பந்து மழை நாளில் நீரைக் குடித்துக் கனத்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட பந்துகளைத் தலையால் முட்டும் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை.

கோடு போடுவதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. முன்பு நீறாத சுண்ணாம்பைப் போட்டு, சறுக்கி விழுந்த ஒருவருக்குத் தொடையில் தோல் எரிந்துவிட்டது. இப்போது தருமபுரிச் சந்தையில் மூட்டையாகக் கிடைக்கும் கோலமாவைத்தான் போடுகிறோம். அது கல்லை அரைத்த மாவு, தோலைச் சுடாது. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மூட்டை பிடிக்கும்.

என்ன சாப்பிட வேண்டும்? புரதத் தூள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் விளைந்து கிடக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு டப்பாவில் அடைத்த மாவைத் தேடுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. காலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம்; முடிந்த பிறகு அவித்த முட்டை இரண்டு, அல்லது ஊறவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி; பிறகு வழக்கமான உணவு. ஆட்ட நாளன்று களியை மூன்று மணி நேரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பத்து மணி ஆட்டத்துக்கு ஒன்பது மணிக்குக் களி உண்டு ஓடியவர் பதினைந்தாவது நிமிடத்தில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை நாங்கள் மறக்கவில்லை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதனால் பல்லில் கறையும் எலும்பில் நோயும் வந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. மைதானத்தின் ஓரத்தில் உள்ள போர்க் குழாயில் முகம் கழுவலாம். குடிப்பதற்குக் காவிரி நீர்க் கேன் வைத்திருக்கிறோம். வெயில் கடுமையான நாள்களில் நடுவர் ஒப்பினால் ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் இடைவேளை உண்டு. அதற்கு விதியிலேயே இடமிருக்கிறது.

அடிபட்டால் என்ன செய்வீர்கள்?

கணுக்கால் சுளுக்குதான் இங்கே அடிக்கடி வருவது. உடனே பனிக்கட்டி ஒத்தடம், துணிக்கட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வு. எண்ணெய் போட்டு உருவிவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. வீக்கம் இருக்கும்போது உருவினால் அது கூடத்தான் செய்யும், ஆகவே முதல் இரண்டு நாள் யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள். தலையில் மோதி மயக்கமோ, குழப்பமோ, வாந்தியோ வந்தால் அந்த வீரர் அன்று மறுபடி களம் இறங்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிடுவோம். இதில் கேப்டனுக்கோ அந்த வீரருக்கோ சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பெண்கள் அணி உண்டா?

பயிற்சி நடக்கிறது, பதினொரு பேர் சேர்ந்த நாளும் உண்டு, ஏழு பேரோடு நின்ற நாளும் உண்டு. ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்க முடியாது என்பது விதி. மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: 2018இலும் 2023இலும் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை வென்றது தமிழ்நாட்டு அணி. மாலைப் பயிற்சி ஐந்தரை மணிக்கு முடிந்துவிடும். பெண் பேராசிரியர் ஒருவர் உடனிருப்பார்.

விதிகளில் அண்மையில் மாறியவை என்ன?

நம் ஆட்டங்களில் சச்சரவு வருபவற்றை மட்டும் சொல்கிறேன். கோல் கிக் அடிக்கும்போது பந்து பெனால்டி கட்டத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. 2019 முதல் கட்டத்துக்குள்ளேயே தம் அணி வீரர் வாங்கிக்கொள்ளலாம். கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும். இது 2025இல் வந்தது. நம் கோல்கீப்பர்களுக்குப் பந்தை அணைத்துக்கொண்டு நாற்புறமும் பார்க்கும் பழக்கம் உண்டு என்பதால், பயிற்சியில் பின்னால் நிற்பவர்கள் உரக்க எண்ணுகிறார்கள். பெனால்டி அடிக்கும் நொடியில் கோல்கீப்பரின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருந்தால் போதும். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேராகப் பந்தைப் பெறுபவருக்கு ஆஃப்சைடு (எதிரணியின் பின்கள வீரர்களைத் தாண்டி முன்னே நின்று பந்தைப் பெறும் தவறு) கிடையாது என்பது பழைய விதிதான். இருந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது ஒருவர் கையைத் தூக்குகிறார்.

முதல் சுற்றில் தோற்றுவிட்டால் என் ஆட்டமும் அங்கேயே முடிந்துவிடுமா?

அணிக்கு முடியும், உங்களுக்கு முடியாது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின்போதே பல்கலைக்கழக அணிக்கான வீரர்களைப் பார்த்து வைக்கிறார்கள். பிறகு தேர்வும் பயிற்சி முகாமும் நடக்கும். தோற்ற அணியிலிருந்தும் அழைப்பு வரலாம். சென்ற ஆண்டு எங்கள் நடுக்கள வீரர் ஒருவர் அப்படித்தான் முகாமுக்குப் போனார். பல்கலைக்கழக வளாகம் சேலத்துக்கு இந்தப் பக்கம் கருப்பூரில் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே இருப்பதால், நம் பக்கத்து மாணவர்கள் நகருக்குள் போகாமல் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகங்களோடு ஆடும். அதில் முன்னிலை பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும்.

இதனால் வேலை கிடைக்குமா?

நேர்மையாகச் சொன்னால், கல்லூரி அணியில் ஆடியதனால் மட்டும் கிடைக்காது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அதற்குரிய சான்றுப் படிவங்களில், பல்கலைக்கழகத்தின் சார்பில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கே படிவம் 3 பொருந்தும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க முடியாது. மூன்றாமாண்டில் இதைக் கேட்டு முகம் வாடியவர்களைப் பார்த்திருப்பதால் முதலாண்டிலேயே சொல்லிவிடுகிறேன். காவலர், சீருடைப் பணித் தேர்வுகளுக்குப் போனவர்கள் உடல்தகுதி ஓட்டத்துக்காகத் தனியே பயிற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை என்று சொன்னதுண்டு. அந்த அளவுக்குத்தான் என்னால் உறுதி கூற முடியும்.

முன்னாள் மாணவர்கள் எப்படி உதவலாம்?

கோப்பையும் சால்வையும் வேண்டாம். இரண்டு கோல் வலைகள், ஆறு பந்துகள், கைப்பம்பு ஒன்று, மழைக்காலம் முடியும்வரை கோலமாவு ஆகியவை இப்போதைய தேவைகள். இவற்றைவிடப் பெரிய தேவை ஆள். சனிக்கிழமை ஆட்டங்களுக்கு நடுவர் கிடைத்துவிடுகிறார். கோட்டு நடுவர்கள் கிடைப்பதில்லை. இரு அணிகளின் மாற்று வீரர்களே கொடி பிடிப்பதால் ஆஃப்சைடு தோறும் வாய்ச்சண்டை வருகிறது. எந்த அணியையும் சேராத இரண்டு பேர் நான்கு மணிக்கு மைதானத்துக்கு வந்தால் போதும். கொடிகளை நாங்கள் தருகிறோம்.